சோறும் சுகரும்: மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைப் 2 சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, "அரிசியைக் குறைங்க" என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார், வீட்டுக்கு வந்தால் என்ன சமைப்பது, எவ்வளவு குறைப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அப்படி நிற்பவர்களுக்காக எழுதியது இது. நான் டாக்டர் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்குச் சுகர், அடுப்படி என் பொறுப்பு, அவ்வளவுதான். டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுவர்கள் இதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கான கணக்கே வேறு.

சர்க்கரையைத்தானே நிறுத்தணும்? சோறு என்ன பாவம் பண்ணுச்சு?

சோறு, இட்லி, சப்பாத்தி, கிழங்கு எல்லாமே மாவுச்சத்து. குடலுக்குள் போனதும் உடைந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் 400 கிராம் சோறு சாப்பிடுகிறவர் ஒரே வேளையில் 110 கிராமுக்கு மேல் குளுக்கோஸை உள்ளே இறக்குகிறார். அதே ஆள் டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை கூடிவிட்டதென்று கடைக்காரரிடம் சண்டை போடுவார். அரை ஸ்பூன் என்பது இரண்டு இரண்டரை கிராம். டீயில் சர்க்கரையை விடுவது நல்லதுதான், ஆனால் பெரிய கணக்கு தட்டில் இருக்கிறது.

மாத்திரை போடுறேன், இன்சுலினும் உண்டு. நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?

வேண்டாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் இப்போது போடும் மருந்தின் அளவு, இப்போது சாப்பிடும் சோற்றுக்குக் கணக்குப் பண்ணி எழுதியது. சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அப்படியே போட்டால் சுகர் தாழ்ந்துவிடும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து நிஜமானது. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். சுகர் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. மாவுச்சத்தை ரொம்பவே குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆபத்தாகலாம், அப்போது சுகர் பெரிதாக ஏறியிருக்காது என்பதால் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்றால் தாமதிக்க வேண்டாம். பிரஷர் மாத்திரையையும் சிலருக்குக் குறைக்க வேண்டி வரும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை தானாக வந்துகொண்டே இருப்பதால் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. சாப்பாட்டை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய், "சோற்றைக் குறைக்கப் போறேன், டோஸ் மாத்தணுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

லோ கார்ப் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

ஆராய்ச்சிகளில் பொதுவாக நாளொன்றுக்கு மாவுச்சத்து 130 கிராமுக்குக் கீழே போனால் லோ கார்ப் என்கிறார்கள், 50-க்குக் கீழே என்றால் கீட்டோ. நம் வீடுகளில் காலை நாலு இட்லி, மதியம் சோறு, ராத்திரி மூன்று தோசை, நடுவில் டீ பிஸ்கட் என்று போனால் சாதாரணமாக 250, 300 தாண்டும். அங்கிருந்து 50-க்குக் குதிப்பது எதற்கு? முதலில் 150-க்கு வாருங்கள், அந்தந்த வேளைக்குப் பின் மீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள், பிறகு மேலும் குறைக்கலாமா என்று யோசிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய இன்டியாப் ஆய்வுத் தரவை வைத்து 2022-இல் ஒரு கணக்கு வெளியானது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்கு இறங்கி, புரதம் 20 சதவீதத்தை ஒட்டி ஏற வேண்டும் என்றார்கள். இதை லோ கார்ப் என்றே சொல்ல முடியாது. நம் ஆட்கள் 60 சதவீதத்துக்கு மேல் சாப்பிடுவதால் இந்த அளவு குறைத்தாலே பலன் தெரிகிறது.

சரி, மதியச் சாப்பாட்டில் எப்படிக் குறைப்பது? பசிக்குமே?

நம் சாப்பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. குழம்பு மாறுகிறதே ஒழிய மூன்று சுற்றும் சோறுதான், பொரியல் தட்டின் ஓரத்தில் இரண்டு ஸ்பூன் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒரு சுற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் சோறு சாப்பிடுங்கள், ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடுங்கள். சோறு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, ருசி ஒன்றும் போய்விடவில்லை.

சமையல் தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் மட்டும் சோற்றை எடை போட்டுப் பாருங்கள். நீங்கள் "கொஞ்சம்தான்" என்று நினைத்துப் போட்டுக்கொள்வது 250 கிராம் இருக்கும். 100 கிராம் சோறு எவர்சில்வர் தட்டில் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அப்புறம் தராசு தேவையில்லை, கரண்டிக் கணக்கு போதும்.

காலியான இடத்தை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பீர்கள். பொரியலை ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள்: அவரை, பீன்ஸ், கோஸ், வாழைப்பூ, புடலை, முருங்கைக்கீரை. கூடவே புரதம்: முட்டை, மீன், கோழி, பன்னீர், இல்லையென்றால் பருப்பு உசிலி. முதலில் காய், அப்புறம் மீனோ முட்டையோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலும் சுகர் ஏறுவது குறைகிறது. 2015-இல் நியூயார்க்கில் ஒரு சிறு ஆய்வில் இதைக் காட்டினார்கள். காசு செலவில்லாத வேலை, செய்து பாருங்கள்.

நான் ஏற்கெனவே சோற்றை விட்டுச் சப்பாத்தி, சிறுதானியம் என்று மாறிட்டேன். ஆனாலும் குறையலையே?

இதுதான் தமிழ்நாட்டில் சுகர் உள்ளவர்கள் செய்யும் பெரிய ஏமாற்று வேலை, ஏமாறுவதும் அவர்களே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராமில் மாவுச்சத்து: பச்சரிசி 78, கேழ்வரகு 67, வரகு 66, கோதுமை மாவு 64, கம்பு 62. வித்தியாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நார்ச்சத்தும் சிறுதானியத்தில் கூடுதல். ஆனால் "வரகுதானே" என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் வந்து சேருவது அதே இடம்தான். ராத்திரி நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா என்றால் 80 கிராம் சப்பாத்தியிலேயே வந்துவிடும், குருமா தனிக் கணக்கு.

கேழ்வரகுக் கஞ்சி இன்னும் மோசம். நைஸாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் சர்ரென்று ஏறும். ஓட்ஸ் கஞ்சியும் அப்படித்தான், விளம்பரத்தில் சிரித்துக்கொண்டே குடிப்பவருக்குச் சுகர் இல்லை. சிறுதானியம் சாப்பிட ஆசையா, முழுசாக வேகவைத்து ஒரு கரண்டி சாப்பிடுங்கள், நல்லதுதான். அளவைக் குறைக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் ரத்தத்துக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

பழைய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆறவைத்தால் கொஞ்சம் கூடுவது உண்மை. ஒரு சட்டி சாப்பிடும் அளவுக்கு உண்மை இல்லை.

காலையில் இட்லி தோசை இல்லாமல் என்ன சாப்பிடுவது?

ஒரு இட்லியில் 10 முதல் 12 கிராம் வரும். இரண்டு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும், கிண்ணம் நிறையக் காய்கறிச் சாம்பாரும் என்றால் தாராளமாகப் போகலாம், இட்லியை யாரும் நாடு கடத்தச் சொல்லவில்லை. மாற்று வேண்டுமானால் முழுப் பச்சைப் பயறை ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து அரிசி போடாமல் அரைத்துத் தோசை ஊற்றுங்கள். அரிசி இல்லையென்றால் கல்லில் ஒட்டும் என்பார்கள். மாவு கெட்டியாக இருந்து, கல் நன்றாகக் காய்ந்தபின் தீயைக் குறைத்து ஊற்றினால் ஒட்டாது. வெங்காயம், கீரை போட்ட முட்டை ஆம்லெட், கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், பன்னீர் புர்ஜி என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். தேங்காய்ச் சட்னி, கடலைச் சட்னியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொட்டுக்கடலை மட்டும் அளவோடு.

நாங்க சுத்த சைவம். முடியுமா?

முடியும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சைவத்தில் புரதம் என்றால் பருப்பு, பருப்பிலும் பாதி மாவுச்சத்து. அதனால் பருப்பையும் சோற்றையும் சேர்த்துக் கட்டாமல், பருப்பு கூடும் வேளையில் சோறு குறைய வேண்டும். பன்னீர், தயிர், மீல் மேக்கர், வேர்க்கடலை, பாதாம், எள் இவற்றை உள்ளே கொண்டுவாருங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போடும் சைவக்காரர்கள் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாத்திரையும் அதைக் குறைக்கும், சைவ உணவிலும் அது குறைவு.

ரேஷன் அரிசி இலவசம். முட்டை, பன்னீர், பாதாம் எல்லாம் யார் வாங்கித் தருவா?

நியாயமான கேள்வி. இந்த உணவு முறையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. பாதாம், ஆலிவ் எண்ணெய், அவகாடோ எதுவும் தேவையில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம் புரதம், அவித்த கடலை ஒரு கைப்பிடி நல்ல சாயங்காலத் தீனி. முட்டை இன்றைக்கும் மலிவான புரதம். கடலோர ஊர் என்றால் மத்தி, நெத்திலியைவிட எது வேண்டும்? முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே இருக்கும். அரிசி இலவசம், அதைக் குறைப்பதால் காசு மிச்சமாகாது என்பதால் செலவு கூடத்தான் செய்யும், மறைக்க முடியாது. ஆனால் கூடுவது பாதாம் கணக்கில் இல்லை, முட்டைக் கணக்கில்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் சேர்க்கலாமா?

மூன்றும் சர்க்கரைதான். "டயபெட்டிக் பிஸ்கட்" என்று விற்பதும் மைதா அல்லது கோதுமை மாவுதான், பாக்கெட்டின் பின்பக்கம் மாவுச்சத்து என்ன என்று படியுங்கள்.

பழம்?

ஜூஸ் வேண்டாம், எந்தப் பழமானாலும். கொய்யா நல்ல தேர்வு, நார்ச்சத்து அதிகம். ஒரு நடுத்தரக் காயைப் பல்லால் கடித்துச் சாப்பிடுங்கள். பப்பாளி நாலு துண்டு, நாவல் பழம் ஒரு கைப்பிடி ஓடும். மாம்பழ சீசனில் என்ன செய்வது என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு பங்கனப்பள்ளியில் சதை 200 கிராம் இருந்தால் சுமார் 30 கிராம் மாவுச்சத்து, அதாவது 100 கிராம் சோற்றைவிடச் சற்று அதிகம். ஆக, அன்றைக்கு மதியம் சோற்றை விட்டுவிட்டு இரண்டு கீற்று சாப்பிடலாம். சாப்பாடு முடிந்து மேல்படியாகச் சாப்பிடுவதுதான் கெடுக்கிறது.

வீட்டில் மீட்டர் இருக்கு. எப்போ பார்க்கணும்?

பெரும்பாலானவர்கள் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு மீட்டரை மூடி வைக்கிறார்கள். உங்களுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று அது சொல்லாது. ஜோடியாகப் பாருங்கள்: முதல் வாய் வைக்கும் முன் ஒன்று, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. உதாரணத்துக்கு, மசால் தோசைக்கு முன் 128, பின் 212. இன்னொரு நாள் பயறு தோசைக்கு முன் 130, பின் 158. இதற்கு மேல் யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குள் என்பது பெரும்பாலோருக்கான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் தளர்த்திச் சொல்வார். ஸ்ட்ரிப் விலை உதைக்கிறது என்பதால் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மூன்று சாப்பாட்டைச் சோதித்தால் போதும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டர் சொன்ன நேரப்படி பார்க்க வேண்டும்.

குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்திவிட்டு 300 என்று பதறியவர்கள் உண்டு.

ராத்திரி ஒன்றுமே சாப்பிடலை, காலையில் 160. எப்படி?

விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் சுரக்கும், ஈரல் தன் கையிருப்புச் சர்க்கரையை எடுத்துவிடும். சுகர் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், நமக்கு முடிவதில்லை. சாப்பாட்டை மாற்றினால் சாப்பிட்டபின் வரும் எண்தான் முதலில் இறங்கும், காலை எண் பின்தங்கித்தான் வரும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, அரை மணி நேரம் நடந்தால் பலருக்கு உதவுகிறது. எடை குறையக் குறைய இதுவும் சரியாகும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி-யைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தானியத்தையே விடச் சொல்லும் பேலியோ டயட்டில் காலையில் நூறு பாதாம், பட்டர் டீ என்கிறார்களே?

நூறு பாதாம் என்றால் ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரிக்குப் பக்கம். அதைச் சாப்பிட்டு மதியம் வரை பசிக்காமல் இருந்து, எடை குறைந்து, சுகர் இறங்கியவர்கள் இருக்கிறார்கள், பொய் இல்லை. கூடவே கெட்ட கொழுப்பான எல்டிஎல் எகிறியவர்களும் இருக்கிறார்கள். சுகர் உள்ளவருக்கு மாரடைப்பு ஆபத்து ஏற்கெனவே கூடுதல், அதனால் வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. லோ கார்ப் தொடங்கும் முன்னும், மூன்று மாதம் கழித்தும் ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் டெஸ்ட் எடுங்கள்.

இன்னொன்று, பலர் ஆறு மாதம் கடுமையாக இருந்துவிட்டு ஒரு கல்யாண சீசனில் மொத்தமாகக் கைவிடுகிறார்கள். 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் லோ கார்பின் பலன் ஆறு மாதத்தில் நன்றாகத் தெரிந்து, ஒரு வருடத்தில் மங்கிவிட்டது. பத்து வருடம் ஓட்டக்கூடிய 120 கிராம், ஆறு மாதம் ஓட்டும் 30 கிராமைவிட மேல்.

கிட்னி கெட்டுப்போகும் என்கிறார்களே?

நல்ல கிட்னியை முட்டையும் மீனும் கெடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தாலோ சிறுநீரில் புரதம் போனாலோ, புரதத்தைக் கூட்டுவது டாக்டர் சொல்லித்தான். தொடங்கும் முன் இரண்டு டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.

ஆரம்பிச்ச வாரம் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல். விட்டுடவா?

முதலில் மீட்டரில் சுகர் தாழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாவுச்சத்து குறைந்ததும் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறும், அதனால் வரும் அலுப்பு இது. மோரும் ரசமும் குடியுங்கள். பிரஷர், இதயம், கிட்னி தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு உப்பைக் கூட்டவும். மலச்சிக்கல் என்றால் காய் போதவில்லை. முட்டையும் கோழியும் மட்டும் தின்றால் அப்படித்தான் ஆகும்.

வெந்தயம், பாகற்காய் ஜூஸ், நாவல் கொட்டைப் பொடி?

வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, சிறு உதவி செய்யும். பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். எதுவும் மாத்திரைக்கு மாற்று இல்லை.

சுகர் முழுசா குணமாகுமா?

"குணம்" என்று டாக்டர்கள் சொல்வதில்லை. மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று 2021-இல் சர்வதேச அளவில் வரையறுத்தார்கள். இது நடக்கக்கூடியதுதான். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்குத் தணிந்தது, 15 கிலோவும் அதற்கு மேலும் இளைத்தவர்களில் 86 சதவீதம். இதில் லோ கார்ப் ரசிகர்கள் சொல்லாமல் விடும் ஒரு சங்கதி உண்டு. அங்கே கொடுத்தது நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே தரும் பானம், அதன் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து! ஈரலிலும் கணையத்திலும் அடைந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்கிறார்கள். சோற்றைக் குறைத்து நாம் எடையும் குறைந்தால் இரட்டை லாபம். சோற்றைக் குறைத்து நெய்யில் மிதந்து எடை அப்படியே நின்றால் பாதி லாபம். நோய் வந்து சில வருடங்களுக்குள் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பதினைந்து, இருபது வருடமாக இன்சுலினில் இருப்பவருக்கு மருந்து குறைந்தாலே பெரிய விஷயம். ஒல்லியாக இருந்து சுகர் வந்தவர்கள் எடையைக் குறைக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

கல்யாண வீட்டில் என்ன செய்ய?

இலையில் முதலில் வைக்கும் பொரியல், கூட்டு, அவியலை இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள். சோறு ஒரே ஒரு தடவை. பாயசத்தை விட முடியாதென்றால் சோற்றை விடுங்கள், இரண்டும் சேர்ந்து வேண்டாம். "ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தும் சித்தப்பாவுக்கும் சுகர் இருக்கும், அவரிடம் அவருடைய எச்பிஏ1சி எவ்வளவு என்று கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

எனக்காகத் தனியாச் சமைக்கச் சொன்னா வீட்டில் சண்டை வருது.

தனியாகச் சமைக்கவே வேண்டாம். குழம்பு, பொரியல், மீன் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான், காயை மட்டும் அரை கிலோ கூட வாங்குங்கள். உங்கள் தட்டில் சோறு குறைகிறது, பொரியல் கூடுகிறது. இட்லி மாவு அரைக்கும் நாளில் பயறு ஒரு டம்ளர் ஊறப்போட்டால் ஒரே கிரைண்டரில் இரண்டும் முடிந்தது. கிரைண்டரைக் கழுவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை வராது.